ஆவாரம்பூவும் 36 எலிகளும் அம்மாயி கேட்ட கேள்வியும்

கேள்வி கேட்டவர் பெருந்துறைப் பக்கத்து ஊர்க்காரர். எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு, மருந்தியல் பிரிவு. ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று 36 எலிகளை வைத்துப் பார்ப்பது இவருடைய புராஜெக்ட். வீட்டில் இதைச் சொன்னதும், "அந்த எலி உன்னைய என்ன பண்ணுச்சு கண்ணு?" என்று அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கேட்டாராம். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். "நான் செய்யப்போவது தப்பா? விலங்கே இல்லாமல் சோதிக்கும் முறைகள் இருக்கின்றன என்கிறார்களே, அவை நிஜமாகவே வேலைக்கு ஆகுமா, இல்லை வெறும் பேச்சா?"

கேட்டது இரண்டு கேள்விதான். ஆனால் அம்மாயி கேட்டது மூன்றாவது கேள்வி: இந்த 36 எலிகள் எதற்கு? முதல் இரண்டையும் உலகம் முழுக்க வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் என் பங்குக்குச் சொல்கிறேன். மூன்றாவதற்கு மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் புராஜெக்டுக்கு அந்த எலிகள் தேவையில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பார்மசி கல்லூரிகளில் 27 வருடம் மருந்தியல் சொல்லிக்கொடுத்தவன். அதில் பாதிக் காலம், விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். எலி, சுண்டெலி, முயல், கினிப்பன்றி வரைதான் என் அனுபவம். நாய், குரங்கை வைத்து வேலை செய்ததில்லை. தத்துவமும் முறையாகப் படித்ததில்லை. அறிவியல் பற்றி இங்கே சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். சரி, தப்பு என்று சொல்லும் இடங்களை ஒரு வாத்தியாரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழிகாட்டிய முதல் எம்.பார்ம் புராஜெக்டும் உங்களுடையது மாதிரிதான். வேறு இலை, அதே 36 எலிகள், அதே அலாக்சான் ஊசி. அலாக்சான் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அது அழித்துவிடும். அழியும் செல்கள் சேர்த்து வைத்திருந்த இன்சுலினை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். அதனால் எலிக்குச் சர்க்கரை ஏறுவதற்கு முன்னால், அன்றிரவே அபாயகரமாக இறங்கும். அதைச் சமாளிக்கத்தான் குடிக்கக் குளுக்கோஸ் தண்ணீர் வைப்பது. நாங்களும் வைத்தோம். இரண்டு கூண்டில் பாட்டில் மூக்கு அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் உமி மேல் ஏழு எலிகள் விறைத்துக் கிடந்தன. அந்தப் பையன் வெளியே போய் நின்றுகொண்டான். நான் அடுத்த வாரமே வேறு ஏழு எலிகளை வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டினேன். ரெக்சின் அட்டை போட்ட ஆய்வேடு நூலகத்துக்குப் போனது. நான் ஓய்வு பெறும்வரை அதை யாரும் எடுத்துப் படித்து நான் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இன்னொரு பையனுக்கு இன்னொரு இலை.

கூண்டுக்குள் உமி எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறிய எலி தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். காலையில் மாற்றிய உமி மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். உடம்பு நாளுக்கு நாள் இளைக்கும். இப்படி 28 நாள். நோம்பிக்குக் கிடா வெட்டுகிறவர்கள்தானே நாம், கோழி தின்கிறவர்கள்தானே, எலிக்கு மட்டும் என்ன இரக்கம் என்று நெறிமுறைக் குழுவிலேயே கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது மாதிரிதான் தோன்றும். ஆனால் பண்ணையத்தில் வளர்ந்த எவருக்கும் ஒரே வெட்டில் முடிப்பதற்கும் நாள்கணக்கில் நோயில் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆட்டை வெட்டத் தெரியாதவன் கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்று சொல்கிற ஊர் இது.

சரி, மாற்று முறைகள் வேலைக்கு ஆகுமா? நம் பக்கத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் குன்னூர். அங்கே 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தில் வெறிநாய்க்கடி மருந்து தயாரானது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் அம்மாயி காலத்து ஆட்கள் சொல்வார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. ஆட்டுக்கு வைரஸை ஏற்றி, நோய் முற்றியதும் கொன்று, மூளையை எடுத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து ஊசியில் ஏற்றினார்கள். அந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதில் ஆட்டு நரம்புத் திசுவும் கலந்தே வரும் என்பதால், ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு அந்த மருந்தாலேயே பக்கவாதம் வந்தது. இதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1984-இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2004 இறுதியில்தான் தயாரிப்பு நின்றது. அதற்குள் குன்னூரிலேயே வீரோ என்ற செல் வரிசையில் வைரஸை வளர்த்துத் தடுப்பூசி செய்யத் தொடங்கியிருந்தார்கள். இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆடு பிழைத்தது, மனிதனுக்கும் முன்னைவிட நல்ல மருந்து கிடைத்தது. விலங்கா மனிதனா என்று தராசில் வைத்து நிறுக்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முறை பல சமயம் இரண்டு பேருக்குமே கெடுதல்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. வீரோ செல் 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. ஒரே ஒரு குரங்கின் செல், அறுபது வருடத்துக்கு மேலாகப் பெருகிக்கொண்டே இருக்கிறது. செல்களை வளர்க்க ஊற்றும் திரவத்தில் பெரும்பாலும் கன்றுச் சீரம் கலப்பார்கள். அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றுக் கருவிலிருந்து எடுக்கும் இரத்தத்தின் தெளிவு அது. அதுவும் போக, தயாரான தடுப்பூசிக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, சுண்டெலிகளுக்கு அதைப் போட்டு, பிறகு மூளைக்குள் வைரஸைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவதுதான் வழக்கமான முறை. இதற்குப் பதிலாகத் தடுப்பூசியிலுள்ள ஒரு புரதத்தை, எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் அளந்தால் போதும் என்ற நிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே விலங்கில்லா முறை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தக் குடுவையில் என்ன ஊற்றினீர்கள் என்று கேளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய வேறு இடங்களும் உண்டு. தோல் எரிச்சல், கண் எரிச்சல் பார்க்க 1944-லிருந்து பொருளை முயலின் தோலில் தடவியும் கண்ணில் விட்டும் பார்த்தார்கள். இன்று மனிதத் தோல் செல்களை அடுக்கடுக்காக வளர்த்த திசுவிலும், இறைச்சிக்கு அறுத்த மாடு, கோழிகளின் கண்ணிலும் பார்த்துவிடலாம். இவை சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட சோதனைகள். கருக்கூடிய கோழிமுட்டையின் உள்சவ்வில் பார்க்கும் முறையும் இருக்கிறது. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் முட்டைக்குப் பஞ்சமா என்ன! அழகுசாதனப் பொருட்களை விலங்கில் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்துவிட்டது, அதைப் பற்றிப் பேச இனி அதிகம் இல்லை. ஊசிமருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் நச்சு இருக்கிறதா என்று முயலின் உடல் வெப்பத்தை அளந்து பார்த்தது போய், குதிரைலாட நண்டின் இரத்தத்தைக் கொண்டு பார்த்தார்கள். இப்போது அந்த நண்டும் வேண்டாம் என்று, அதன் இரத்தத்தில் நச்சைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தை ஆய்வகத்திலேயே செய்கிறார்கள். எத்தனை கொடுத்தால் பாதி செத்துப்போகும் என்று பார்க்கும் 1927-ஆம் வருடத்து எல்.டி.50 சோதனையின் பழைய வடிவத்தை, சோதனை முறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஓ.இ.சி.டி. 2002-இல் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது சோதனையின் ஒரு கட்டத்துக்கு மூன்று எலி போதும்.

இனி சந்தேகமான பக்கம். ஒரு மருந்து குடலில் ஏறி, கல்லீரலில் மாறி, சிறுநீரகம் வழியாகப் போகும்போது நடுவில் எங்கே என்ன செய்யும் என்பதை ஒரு தட்டில் வளர்த்த செல் சொல்லாது. கர்ப்பத்தில் என்ன ஆகும், மூன்று வருடம் தின்றால் என்ன ஆகும், மனநிலையை மாற்றுமா என்ற கேள்விகளுக்கும் முழுப் பதில் தரும் மாற்று முறை இன்று இல்லை. சில்லு உறுப்புகள் என்று ஒன்று வந்திருக்கிறது. 2010-இல் ஹார்வர்டில் விரல் நீள ஞெகிழிச் சில்லுக்குள் மனித நுரையீரல் செல்களை வைத்து, மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரியச் செய்து காட்டினார்கள். 2022-இல் கல்லீரல் சில்லில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தை அது கண்டுபிடித்தது, கெடுக்காத எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. இவற்றில் சில, விலங்குச் சோதனையில் தப்பித்து மனிதருக்குப் போனபின் மாட்டிக்கொண்ட மருந்துகள். எனக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனாலும் 27 என்பது 27 தான், அதுவும் ஒரே ஓர் உறுப்பில்.

விலங்குச் சோதனை மட்டும் நம்பகமானதா என்று கேட்டால், அதற்கும் தலையாட்ட முடியவில்லை. 2006-இல் லண்டனில் ஒரு புதிய மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குக்குக் கொடுத்து ஒன்றும் ஆகாத அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்தன. தாலிடோமைடு எலிகளின் குட்டிகளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, சில வகை முயல்களின் குட்டிகளைப் பாதித்தது. மனிதப் பரிசோதனைக்கு வரும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தோற்கின்றன என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய உண்மைதான். அந்தத் தோல்வி முழுவதையும் எலியின் தலையில் போட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயன் போதாமல், காசு இல்லாமல் நிற்கும் மருந்துகளும் அந்தக் கணக்கில் உண்டு.

எனக்கே விடை பிடிபடாத ஓர் உதாரணம் இருக்கிறது. பவானிசாகரிலிருந்து தெங்குமரஹாடா போகிற பக்கம், மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டும். தென்னிந்தியாவில் அவை அதிகமாக மிஞ்சியிருப்பது அங்கேதான். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் வெளியானது. இந்தியா 2006-இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. அந்த மருந்து எலிக்குப் பார்த்தது, மாட்டுக்குக் கொடுத்தது, மனிதன் தினமும் விழுங்குவது. பாறுக்கு மட்டும் யாரும் பார்க்கவில்லை. பதிலுக்கு மெலாக்சிகம் என்ற வேறு வலிமருந்தைக் கொடுக்கலாம் என்று சொல்வதற்கு முன்னால், அதைப் பாறுகளுக்கே கொடுத்துத்தான் பார்த்தார்கள். வேறு பறவையில் பார்த்திருக்கலாமே என்றால், அமெரிக்காவில் இருக்கும் வான்கோழிக் கழுகுக்கு டைக்ளோஃபெனாக் பல மடங்கு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பியிருந்தால் இங்கே ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அழிந்துகொண்டிருக்கும் பறவைக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது கொடுமையா, கடமையா? அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சம்மதித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் தூக்கம் வந்திருக்காது.

இந்த உதாரணத்திலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்று உண்டு. மெலாக்சிகம் சோதனையின் விடைக்காக ஆள் காத்திருந்தார்கள். விடை வந்ததும் ஆயிரக்கணக்கான கால்நடை மருத்துவர்களின் பையில் மருந்து மாறியது. உங்கள் ஆவாரம்பூவின் விடைக்காக யார் காத்திருக்கிறார்கள்? ஆவாரையை அலாக்சான் எலியில் பார்த்த கட்டுரைகள் ஏற்கெனவே கிடக்கின்றன, நீங்களும் படித்திருப்பீர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். அலாக்சான் பீட்டா செல்லைக் கொல்வதால் அந்த எலிக்கு வருவது கிட்டத்தட்ட முதல் வகைச் சர்க்கரை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்கிட்டது. அதில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை, இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்கு இணங்காத நோய். உங்கள் எலியும் உங்கள் ஊர் டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் டீ கேட்கிற பெரியவரும் ஒரே நோயாளிகள் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்த 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கல்லூரிகளில் புத்தகம், மாதிரி, படம் போதும் என்றால் விலங்கைத் தவிர்க்க வேண்டும், கூடியவரை கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யக் கூடாது என்று அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, செல், சில்லு, கணினி முறைகளில் கிடைத்த விவரங்களையும் இந்தியா ஏற்கத் தொடங்கிவிட்டது. உங்கள் கைடு "எலி டேட்டா இல்லாமல் தீசிஸ் நிற்காது" என்றால், பணிவாக இந்த இரண்டையும் எடுத்து வைக்கலாம்.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது, வேறு வேலையும் கையில் வேண்டும். முதலில் சாற்றைத் தரப்படுத்துங்கள். எந்த மாதம் பறித்தது, எந்தக் கரைப்பானில் இறக்கியது, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் எந்தச் சேர்மம் எவ்வளவு. இது இல்லாமல் எலிக்குக் கொடுத்தாலும் அது வெறும் பூத்தண்ணி. அப்புறம், குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை அது தடுக்கிறதா என்று, அதே வேலையைச் செய்யும் அக்கார்போஸ் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்து வேலை. செல் வளர்க்கும் வசதி இருக்கிற கல்லூரியோடு பேசி, எல்6 தசைச் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்வது கூடுகிறதா என்று பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த முறை இன்னொன்று, செலவே இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கறிக்கடைக்குப் போங்கள். தெர்மாஸ் பிளாஸ்க்கில், திசுவை உயிர்ப்போடு வைக்கும் கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசல் குளிர்ந்து இருக்கட்டும். ஆட்டின் சிறுகுடலில் ஒரு முழம், அறுத்த கையோடு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். குடல்குழம்புக்குக் கழுவும்போது குச்சியை விட்டு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார்களே, உங்கள் அம்மாயிக்கு அது கைவந்த கலையாக இருக்கும், அதே வேலைதான். திருப்பிய குடலைச் சிறு பைகளாகக் கட்டி, ஆக்சிஜன் விட்ட குளுக்கோஸ் கரைசலில் 37 டிகிரியில் வைத்து, எவ்வளவு சர்க்கரை உள்ளே போகிறது என்று ஆவாரம்பூவோடும் இல்லாமலும் அளந்து பார்க்கலாம். குடல் உயிர்ப்போடு இருப்பது கொஞ்ச நேரம்தான், ஆட்டுக்கு ஆடு வித்தியாசமும் வரும். அதனால் ஐந்தாறு ஞாயிறு போக வேண்டியிருக்கும். நான் போன கறிக்கடைக்காரர் மூன்றாவது வாரம், "வாத்தியாருக்குக் குடலு தனியா எடுத்து வெச்சிருக்கேனுங்க" என்று கூப்பிட்டே கொடுத்தார்.

அப்படியும் கைடு மசியவில்லை என்றால்? நடக்கக்கூடியதுதான், மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. அப்போது குறைக்கப் பாருங்கள். உங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஒரே அலாக்சான் முறையை எடுத்திருந்தால், ஆளுக்கு ஆறு பிரிவு, பிரிவுக்கு ஆறு எலி என்று 180 எலி. இதில் ஆரோக்கியமானது, நோய் மட்டும் உள்ளது, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தது என்ற மூன்று பிரிவும் ஐந்து பேருக்கும் ஒன்றேதான். ஒரே நாளில் சேர்ந்து தொடங்கி இந்த மூன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டால் 108 போதும். 72 உயிர் மிச்சம். நெறிமுறைக் குழு இதற்கு மறுப்புச் சொல்லாது. நான் இருந்த குழு இதை ஒருமுறை தானே கேட்டு வாங்கியது.

அப்புறம், எலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள் அம்மணி. ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் உள்ளங்கையில் ஏந்திப் பழக்குங்கள். மிரண்ட எலிக்குச் சர்க்கரை தானாகவே ஏறும், உங்கள் கணக்கும் கெடும். அலாக்சான் போட்ட அன்றிரவு விடுதிக்குப் போக வேண்டாம். குளுக்கோஸ் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டியதும் ஒவ்வொன்றின் மூக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள், விரலில் சொட்டு நிற்க வேண்டும். நடுராத்திரி ஒரு தடவை, விடியும் முன் ஒரு தடவை மறுபடியும் தொட்டுப் பாருங்கள்.